ட்ரேயின் அடியில் ஒரு நீலப் புழு

வடித்த கியர் ஆயிலை கேனுக்கு மாற்றும்போதுதான் அதைப் பார்த்தேன். ட்ரேயின் அடியில் விரல் நீளத்துக்கு நீலமாக ஏதோ நெளிந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல இழுபட்டது, அப்புறம் அறுந்தது. கியர்பாக்ஸுக்குள் நீல ரப்பரில் செய்த பாகம் எதுவும் கிடையாது. அது நான் போட்டது. எட்டு மாதத்துக்கு முன் "ஒழுகவே கூடாது" என்று ஒரு டியூப் சிலிக்கான் பசையில் பாதிக்கு மேல் பிதுக்கி, ஆசை ஆசையாகப் பூசியதன் மிச்சம்.

கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். 1989-ல் வந்த மாடல். முன்னால் இன்ஜின், பின் சக்கரங்களில் இழுவை, இரண்டே இருக்கை. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் முதுகெலும்பு போலப் பிணைத்திருக்கும். கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டுமென்றால் முதலில் அந்தச் சட்டத்தைக் கழற்றியாக வேண்டும். இரண்டாம் கியரின் சிங்க்ரோ, அதாவது கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம் தேய்ந்து, குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு முறையும் கரகரத்ததால் பெட்டியைத் திறந்தேன். சிங்க்ரோ வேலை ஒழுங்காகவே முடிந்தது. கெடுத்தது மூடும் வேலை.

மூடும்போது நடந்ததைச் சொல்கிறேன். அலுமினியக் கூடுகள் சேரும் முகத்தில் நடுவே வைக்கும் காகித கேஸ்கெட் கிடையாது, கசிவை அடைக்கும் பசையான சீலன்ட் மட்டும்தான். கைக்கு எட்டிய தூரத்தில் நீலச் சிலிக்கான் டியூப் இருந்தது. சுண்டு விரல் கனத்துக்கு ஒரு வரி இழுத்தேன், போல்ட்டுகளை முறுக்கினேன். வெளியே பிதுங்கியதை வழித்துத் துடைத்து, விளிம்பு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே வழித்தெடுக்க யார் இருக்கிறார்கள்?

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஆயிலைத் தள்ள பம்ப் இல்லை. சுழலும் பற்கள் ஆயிலை வாரி மேலே இறைக்கும். அது சுவரில் வழிந்து, வார்ப்பிலேயே அமைந்த சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாகப் பேரிங்குகளுக்குப் போகும். அந்தத் துளைகள் சில மில்லிமீட்டர் அகலம்தான். என் நீலப் புழு அதில் ஒன்றில் போய் உட்காராமல் கீழே வந்து விழுந்தது வெறும் அதிர்ஷ்டம். இத்தனைக்கும் பெட்டி கசியவும் செய்தது.

இந்தக் கதையைப் பல வருஷம் கியர்பாக்ஸ் வேலையே செய்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். புழுவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, சுவருக்கா பூசுனீங்க?"

"ஒழுகக் கூடாதுன்னுதாண்ணே கொஞ்சம் தாராளமா..."

"பசை கம்மியாப் போட்டு ஒழுகுன பெட்டி நான் அதிகம் பார்த்ததில்ல. துடைக்காம போட்டு ஒழுகுனதுதான் நிறைய. அதை விடுங்க, அந்த இடத்துக்குச் சிலிக்கான் எதுக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டியூப்பின் மேல் "கேஸ்கெட் மேக்கர்" என்று எழுதியிருந்தது, போட்டேன். அவ்வளவுதான். எந்த டியூப் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன்னால் அந்த இணைப்பைப் பற்றிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இரண்டு முகங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சூடாகும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று நகருமா? நடுவில் இருக்கும் படலத்தின் கனம் ஓர் அளவாகக் கணக்கில் வருகிறதா? மறுபடி திறப்பேனா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் டியூப் தானாகவே முடிவாகிவிடும்.

என் கியர்பாக்ஸ் கூட்டையே எடுத்துக்கொள்வோம். மட்டமாகக் கடைந்த இரண்டு கனமான அலுமினிய முகங்கள், நெருக்கமாகப் போல்ட்டுகள், இடம் மாறாமல் பிடிக்க டவல் பின்கள். முறுக்கினால் உலோகம் உலோகத்தோடு உட்காரும். நடுவே மிஞ்சுவது கருவியின் கீறல் தடம் அளவுக்கான இடைவெளிதான். இங்கே ரப்பர் மெத்தைக்கு வேலை இல்லை. அந்தக் கீறல்களை மட்டும் நிரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஒன்று வேண்டும். அதற்காகவே இருப்பதுதான் அனரோபிக் சீலன்ட், அதாவது காற்று இல்லாத இடத்தில் இறுகும் பசை.

இதன் பிறப்பு எனக்குப் பிடித்த கதை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் இப்படி ஒரு திரவம் முன்பே இருந்தது. ஆனால் அதைத் திரவமாகவே வைத்திருக்க இடைவிடாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்க வேண்டும், ஊதுவதை நிறுத்தினால் இறுகிவிடும். அப்படி ஒரு சரக்கை டப்பாவில் அடைத்து எப்படி விற்பது? அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ட்ரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் 1953-ல் இதற்கு வழி கண்டார். அதுதான் பிறகு லாக்டைட் ஆனது. இன்றைக்கும் அந்தச் சின்னப் பாட்டில்களை வாங்கினால் பாதிதான் நிரம்பியிருக்கும். முதல் முறை பார்த்தபோது ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். மேலே இருக்கும் காற்றுதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பாட்டிலின் பிளாஸ்டிக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் உள்ளே விடுகிற வகை.

இறுக இரண்டு நிபந்தனை: காற்று விலக வேண்டும், உலோகம் தொட வேண்டும். இரும்பு, தாமிரம், பித்தளை என்றால் சீக்கிரம் இறுகும். அலுமினியம், துத்தநாகப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு என்றால் மெதுவாக. குளிர் என்றால் இன்னும் மெதுவாக. அவசரமென்றால் முன்பூச்சாக ஆக்டிவேட்டர் தெளிக்கலாம். நான் தெளிப்பதில்லை, ஓர் இரவு காத்திருப்பேன். இடைவெளி பொதுவாகக் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

இதிலும் ஒரு பதற்றம் காத்திருந்தது. இரண்டாம் முறை சிவப்பு நிற லாக்டைட் 518 போட்டு மூடினேன். மறுநாள் விளிம்பைத் தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டுகிறது. மூன்றாம் நாளும் ஈரம். காலாவதியான சரக்கோ, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டுமோ என்று ஒரே கவலை. அப்புறம்தான் உறைத்தது: வெளியே இருப்பது காற்றில் இருக்கிறது, அது இறுகவே இறுகாது. துணியால் துடைத்தால் போயிற்று. உள்பக்கம் பிதுங்கியதும் அப்படித்தான், இறுகாத திரவமாகவே இருந்து ஆயிலோடு கலந்துவிடும். புழுவாக மாறி வாய்க்காலை அடைக்காது. கியர்பாக்ஸுக்கு இந்தப் பசையை விரும்புவதற்கு என்னிடம் இருக்கும் பெரிய காரணம் இதுதான்.

518 அலுமினியம், இரும்பு போன்ற விறைப்பான விளிம்புகளுக்கு என்றே வருவது. 510 அதைவிடச் சூட்டைத் தாங்கும். கேஸ்கெட் இல்லாமல் இரண்டு பாதிகளாகச் சேரும் பழைய போர்ஷே 911 இன்ஜின் கூட்டைக் கட்டுபவர்கள் ஆரஞ்சு நிற 574-ஐ எடுப்பதை நிறையப் பார்க்கலாம். எண் எதுவானாலும் படிக்க வேண்டியது உற்பத்தியாளரின் தகவல் தாள். டியூப்பின் முன்பக்கத்துப் படத்தை நம்பி வாங்கியது போதும்.

இதற்காகச் சிலிக்கானை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் முடியாது. சில இணைப்புகள் அதற்காகவே பிறந்தவை. தகட்டை அழுத்திச் செய்த மூடிகளைப் பாருங்கள். போல்ட் இருக்கும் இடத்தில் இறுகி, இரண்டு போல்ட்டுக்கு நடுவே லேசாக விரியும். அந்த விரிசலை நிரப்பி, கூடவே நெளிந்து கொடுக்க ரப்பர்தான் வேண்டும். மூன்று பாகங்கள் ஒரே முனையில் சந்திக்கும் இடமும் அப்படித்தான். அப்புறம், இரும்புக் கூட்டின் மேல் அலுமினிய மூடி. இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிகிரி செல்சியஸுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கு. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள விளிம்பு 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 0.29 மில்லிமீட்டர். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை போகும், ஒரு முறை திரும்பும். கெட்டியாக இறுகும் பழைய காலத்து ஷெல்லாக் வகைப் பசை அந்த இழுப்பில் வெடித்துவிடும்.

சிலிக்கானிலும் இரண்டு சாதி. பிதுக்கும்போது வினிகர் நெடி மூக்கில் ஏறினால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை. உலோகத்தை அரிக்கும் என்பதால் இயந்திரத்துக்கு ஆகாது. நெடி இல்லாத நியூட்ரல் வகைதான் நமக்கு. சாதாரணச் சிலிக்கான் சூடான கியர் ஆயிலில் ஊறி உப்பிவிடுவதுண்டு. டிஃபரன்ஷியல் ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் இன்ஜின் ஆயிலைவிடக் கடுமையானவை. அதனால் கியர் ஆயிலைத் தாங்கும் என்று எழுதியே விற்கும் வகை இருக்கிறது, அதை வாங்குங்கள்.

சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும், அனரோபிக்குக்கு நேர் எதிர். பத்து நிமிஷத்துக்குள் மேலே தோல் கட்டும். அதற்குள் மூடிவிட வேண்டும். தோல் கட்டிய பிறகு மூடினால் ஒட்டாது, அமுங்கும். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகும். எனவே முழுசாக ஒரு நாள் கழித்துத்தான் ஆயில் ஊற்றுகிறேன். பழைய டியூப்பாக இருந்தால் முதல் நாளே அட்டையில் ஒரு கோடு இழுத்து வைப்பேன். மறுநாள் காலை அது ரப்பராகியிருக்கவில்லை என்றால் டியூப் குப்பைக்கு. தேதி தாண்டிய சிலிக்கான் மாதக்கணக்கில் கொழகொழவென்றே இருக்கும், என்னிடம் இருந்திருக்கிறது.

எவ்வளவு போடுவது? இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாத ஒரு வரி, ஒவ்வொரு போல்ட் துளையின் உள்பக்கமாக. முறுக்கியபின் வெளியே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் போதும். "கையால் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் முறுக்கு" என்ற பழைய யோசனை தகட்டு மூடிக்குச் சரி. கடைந்த முகங்களுக்கு அதைச் செய்யாதீர்கள். நடுவே ஒரு ரப்பர் தட்டு உருவாகி, உலோகம் உலோகத்தைத் தொடாமலே போய்விடும்.

அங்கேதான் கனம் என்ற விஷயம் வருகிறது. மெக்கானிக்குகள் "பேக்கிங்" என்று சொல்லும் காகித கேஸ்கெட் வெறும் ஒழுகல் தடுப்பு என்று நாம் நினைப்போம். சில பழைய பெட்டிகளில் அது ஓர் அளவுத் தகடும் கூட. பேரிங்கை மூடிதான் அமுக்குகிறது, மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே கேஸ்கெட், பேரிங்குக்கு எதிரே ஷிம் என்ற மெல்லிய அளவு வளையம். தொழிற்சாலையில் ஷிம் கனத்தை முடிவு செய்ததே அந்த கேஸ்கெட்டையும் சேர்த்துத்தான். கால் மில்லிமீட்டர் கேஸ்கெட்டை எடுத்து எறிந்துவிட்டு "இதுதான் நவீனம்" என்று திரவப் பசை போட்டால், பேரிங் கால் மில்லிமீட்டர் கூடுதலாக நெருக்கப்படும். ஒழுகாது. சத்தத்தோடு சூடாகி, சீக்கிரமே பேரிங் போகும். கேஸ்கெட் இருந்த இடத்தில் அதே கனத்தில் கேஸ்கெட்டே போடுங்கள். இல்லையேல் ஷிம்மை மறுபடி அளந்து வையுங்கள்.

காகிதத்துக்குத் துணையாக ஏதாவது வேண்டுமென்றால் எனக்குப் பிடித்தது ஹைலோமார். ரோல்ஸ்-ராய்ஸின் ஜெட் இன்ஜின் வேலைக்காக உருவான நீலப் பசை. என்றைக்கும் கெட்டியாகாது, பிசுபிசுப்பாகவே இருக்கும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தேய்த்து, கரைப்பான் பறக்கப் பத்து நிமிஷம் விட்டு மூடினால் போதும். அளவு பார்க்க நாலு தடவை கழற்றி மாட்ட வேண்டிய மூடிக்கு இதைவிட வசதியானது இல்லை. அடுத்த முறை கேஸ்கெட் கிழியாமல் வரும், சுரண்டும் வேலையும் மிச்சம்.

சுரண்டல் என்றதும் முழங்கை வலி ஞாபகத்துக்கு வருகிறது. என் நீலச் சிலிக்கானை எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது. பிளாஸ்டிக் சுரண்டி, கரைப்பான், பொறுமை, இந்த மூன்றும்தான். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டை எடுக்க ஆசை வரும், எடுக்காதீர்கள். அது அலுமினியத்தில் பள்ளம் போடும். உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் பேரிங்குக்குள் போனால் அரைத்தே தீர்த்துவிடும். கூட்டைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் அடிப்பதும் அதே வகைப் பாவம். அந்த ஒரு கீறல் வழியாகத்தான் பிறகு ஆயில் வரும். கடைசியில் பிரேக் க்ளீனர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை. என் முதல் முயற்சி கசிந்ததற்குக் காரணம் அநேகமாக இதுதான். ஒரு தடவை துடைத்துவிட்டுத் திருப்திப்பட்டிருந்தேன். கூட்டின் மேல்பகுதியிலிருந்து ஆயில் மெதுவாக வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஒழுகல் எல்லாமே விளிம்பிலிருந்து வருவதும் இல்லை. கூட்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும் போல்ட்டுகளின் மரை வழியாக வரும், அதற்கு மரை சீலன்ட் வேண்டும். அடி மூடிய துளையாக இருந்தால் மட்டும் கவனம்: உள்ளே திரவம் தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், தப்பிக்க வழியில்லாத திரவம் வார்ப்பையே பிளந்துவிடும். கியர் பூட்டும் குண்டும் ஸ்ப்ரிங்கும் இருக்கும் துளையின் ப்ளக்கில் சீலன்ட்டை முதல் இரண்டு மரை விட்டுத் தடவுங்கள். உள்ளே சொட்டினால் குண்டு ஒட்டிக்கொண்டு கியர் மாற அடம் பிடிக்கும். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் போதும், பசை வேண்டாம்.

டிஃபரன்ஷியலின் முன்னால் இருக்கும் பினியன் நட்டை, அதாவது உள்ளே போகும் சின்னப் பல்சக்கரத் தண்டின் நட்டை, பலர் மறந்துவிடுவார்கள். ஆயில் சீல் புதிதாக இருக்கும், ஆனாலும் சொட்டும். அந்தத் தண்டில் மாட்டும் இணைப்புத் தட்டான ஃப்ளாஞ்சின் உள்பக்க நீளப் பற்களுக்கு (ஸ்ப்ளைன்) நடுவே ஆயில் ஊர்ந்து வந்து நட்டின் அடியில் எட்டிப் பார்க்கும். பழி ஆயில் சீலின் மேல் விழும். நட்டு உட்காரும் முகத்திலும் ஸ்ப்ளைன் முனையிலும் கொஞ்சம் பசை தடவினால் தீர்ந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ப்ரீதர், அந்தச் சின்ன மூச்சுக் குழாய். மண் அடைத்துக் கிடந்தால், 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும் உள்காற்றின் அழுத்தம் சுமார் 24 சதவீதம் ஏறும், கிட்டத்தட்ட 0.25 பார் அழுத்தம். அது ஆயிலை எங்கே பலவீனமோ அங்கே தள்ளும். எத்தனை டியூப் பிதுக்கினாலும் பயன் இல்லை. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று: கியர் லீவரின் அடியில் இருக்கும் கூண்டுக்குத் தனி ஆயில் உண்டு, நூறு மில்லிக்கும் குறைவு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகு அதை நிரப்ப மறந்துவிட்டு, "புது சிங்க்ரோ போட்டும் லீவர் இறுக்கமாக இருக்கிறதே" என்று நான் இரண்டு வாரம் புலம்பியிருக்கிறேன்.

இப்போது கியர்பாக்ஸின் அடியில் விரித்த அட்டை ஆறு வாரமாக உலர்ந்தே கிடக்கிறது. பின்னால் டிஃபரன்ஷியலுக்கு நேர் கீழே மட்டும் வாரத்துக்கு ஒரு சொட்டு, சரியாகப் பினியனுக்கு அடியில். போன வருஷம் அங்கே ஆயில் சீல் மாற்றியபோது ஸ்ப்ளைனில் நான் எதுவும் தடவவில்லை. அப்போது எனக்கு அது தெரியாது. அந்த நட்டைக் கழற்றினால் பேரிங்கின் முன்னிறுக்கத்தையும், அதாவது பேரிங்கை அளவாக அமுக்கி வைத்திருக்கும் இறுக்கத்தையும், தொட வேண்டி வரும், அதற்கு ஒரு முழு நாளும் தெளிவான மனசும் வேண்டும். நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே அடையாளக் கோடு போட்டு வைத்தேன். பிறகு அட்டையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.